கறுப்புப் பெட்டிக்குள் எவ்வளவு ஈரம்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்தவள். ரேடியோ அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் பழைய நெட்வொர்க் அனலைசரைக் கழித்துவிடப் போகிறார்களாம். அதற்குமுன் அதை வைத்து என்னென்ன செய்தோம் என்று நான் எழுதித் தர வேண்டுமாம். "இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பாத்துடறோம் மேடம். சென்சார் டேக்கைச் செஞ்சு கையில எடுக்கறதே கடைசியிலதான். நீங்கல்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு இங்க யாருக்கும் தெரியல" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நினைவில் முதலில் வந்தது அந்த இயந்திரம் இல்லை. தேசூர்ப் பக்கத்தில் ஒரு கொட்டகையின் மூடிய கதவு, அதற்கு அடியில் நுழைந்து உள்ளே போன ஒரு கேபிள், இருட்டிலிருந்து வந்த இரண்டு பேரின் குரல். மத்தியானம்தான். ஆனால் இன்றைக்கு நினைத்தாலும் கனவில் கேட்ட குரல்களைப் போலத்தான் இருக்கின்றன.

நான் முள்ளிப்பட்டுக்காரி. ஆரணியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பட்டு என்றால் எங்களுக்கு நூல். வெளியூரிலிருந்து வரும், சாயம் ஏறும், பாவாகும், சேலையாகும். நூலுக்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பஸ்ஸில் போய்வரும் தூரத்திலிருந்த ஒரு கல்லூரியின் நுண்ணலை ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். வேலையில் இருந்துகொண்டே படித்துப் பொறியாளரானேன். அந்த வருடங்களில் நினைவில் நிற்பது பஸ், சால்டரிங் புகை, பரீட்சை, இடையில் பிறந்த மகள். அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் எதிரொலி இல்லாத அறை ஒன்று இருந்தது. சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாம் நீலநிற ஸ்பாஞ்சுக் கூம்புகள். அலை எதுவும் சுவரில் பட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அளவை முடிந்த பிறகும் நான் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் விடியும்போதே தறிச் சத்தம், பஸ்ஸில் ஹாரன். என் நாளில் சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான்.

ஆய்வகத் தலைவர் ராஜமாணிக்கம் சார். உயரமான மனிதர். பேச ஆரம்பிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். கண்ணாடி இல்லாமல் நம் முகம் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். அதனால்தானோ என்னவோ, நாம் சொல்வதை மட்டும் கேட்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு விதி உண்டு. அனலைசரின் திரையைப் பார்க்கும் முன், திரையில் என்ன வரப்போகிறது என்று நாம் வரைந்து காட்ட வேண்டும்.

"கஸ்தூரி, வரைஞ்சாச்சா?"

"இன்னும் அளக்கலையே சார்."

"அதனாலதான் கேக்கறேன். அளந்த பிறகு யார் வேணும்னாலும் வரைவாங்க."

இயந்திரத்தைப் போட்டால் அரைமணி நேரம் சூடாக விட வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பு முனைகளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். பிறகு கேபிளின் முனை திறந்திருக்கும்போது ஒன்று, அடைத்திருக்கும்போது ஒன்று, சரியான சுமை மாட்டியபின் ஒன்று என்று இயந்திரத்துக்கு அதன் சொந்தக் கைகளை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு கேபிளை யாரும் தொடக் கூடாது. கேபிள் கொஞ்சம் வளைந்தாலும் கணக்கு மாறிவிடும். இதற்குள் நான் பென்சிலால் வரைந்து முடித்திருக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது. வரைந்த கோடும் திரையில் வந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் சிப் இல்லாத டேக் வேலை வந்தது. சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. மெல்லிய தகட்டின்மேல் செம்பு, அந்தச் செம்பில் சுருள் வடிவங்கள். நாம் தூரத்திலிருந்து ரேடியோ அலையை அடிச்சுரத்திலிருந்து மேல்சுரம் வரை வரிசையாகப் பாடிக்கொண்டே போவோம். ஒவ்வொரு சுருளும் தனக்குப் பொருந்திய ஒரு சுரத்தை விழுங்கிவிடும். திரும்பி வருவதில் எந்தச் சுரங்கள் இல்லையோ அவைதான் அந்த டேக்கின் பெயர். திரையில் அது நேர்கோட்டில் விழுந்த பள்ளமாகத் தெரியும்.

சுருளின்மேல் ஈரத்தை உறிஞ்சும் ஒரு மெல்லிய படலத்தைப் பூசினால், காற்றில் ஈரம் ஏறும்போது சுரம் இறங்கும். மழைநாளில் மேளத்தோல் தொய்ந்து சத்தம் இறங்குமே, அதுபோல. திரையில் பள்ளம் இடதுபக்கம் நகரும். இன்னொரு சுருளின்மேல் ஒரு வகைப் பீங்கான் துண்டை வைத்தால் அது சூட்டைச் சொல்லும். சூடு ஏறினால் அந்தப் பள்ளம் வலதுபக்கம் நகரும். ஒரு செம்புத் துண்டு, தன்னிடம் எதுவுமே இல்லாமல், கேட்டால் மட்டும் பதில் சொல்கிறது. எனக்கு அது கடைசிவரை சாதாரண விஷயமாகவில்லை.

எங்கள் முதல் டேக் என் உள்ளங்கையைவிடப் பெரிது. அதைத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவரத்தான் வருடங்கள் போயின. சுருளைச் சின்னதாக்க வேண்டுமென்றால் செம்புக் கோட்டை இன்னும் நெருக்கமாக உள்ளுக்குள் மடிக்க வேண்டும். கோடுகள் நெருங்கினால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்கும். ஈரம் சொல்லும் சுருளில் சூட்டின் சாயல் வரும். எது எதனால் நகர்ந்தது என்று தெரியாமல் பேஜாராகிவிடும். கடைசியில் மூன்றாவதாக ஒரு சுருளைச் சேர்த்தோம். அதன்மேல் எதுவும் பூசாமல் பிசினால் மூடிவிட்டோம். ஈரம் அதைத் தொடாது. மற்ற இரண்டும் எவ்வளவு நகர்ந்தன என்பதற்கு அது சாட்சி.

இந்தச் சுருள்களை அமிலத்தில் அரித்தெடுத்தவர் தரணேந்திரன். எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன், திருமலை அடிவாரத்து ஊர்க்காரர், சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார், வெங்காயம் தொட மாட்டார். ஃபெரிக் குளோரைடு தட்டைக் கையில் ஏந்தி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே இருப்பார். அதிகம் அரித்தால் கோடு மெலியும், குறைந்தால் இடைவெளி அடைபடும். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். திரவத்தின் பழுப்புக்கு அடியில் செம்பு மறைந்து வெள்ளைத் தகடு பளிச்சிடும் அந்தக் கணத்தை மட்டும் பார்த்திருந்து வெளியே எடுப்பார். நானும் அவரும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் வேலை செய்தோம். அவர் பட்டு உடுத்துவதில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஒருமுறை கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். மூடிய அட்டைப்பெட்டிக்குள் டேக்கை வைத்து, பெட்டியைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்று நான் காட்டிக்கொண்டிருந்தேன். மகளிர் குழுவோடு வந்திருந்த ஒரு பெண் நகரவே இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள்.

"மெய்யாலுமே தொறக்காமலே சொல்லுதா?"

"ஆமாம்மா."

"கறுப்புத் தாளு சுத்தினாலும் சொல்லுமா?"

"சொல்லும். தகரப்பெட்டியா இருந்தாத்தான் சொல்லாது."

"அப்ப எங்கூட வாங்கக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் பெயரே சொன்னாள். அஞ்சலை.

தேசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டுப்புழு முட்டைகளைப் பொரிக்க வைத்து, பிறந்த புழுக்களைச் சில நாள் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் கொட்டகை அவளுடையது. அவள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். சொந்தமாக ஒன்றை நடத்தும் முதல் ஆள் அவள். முட்டைக்கு எண்பது சதவீத ஈரம் வேண்டும், அளவான சூடு வேண்டும். முட்டைக்குள் புழுவின் தலை ஊசிமுனைபோலக் கறுத்துத் தெரிந்ததும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கறுப்பாகச் சுற்றி இருட்டில் விட்டுவிடுவார்கள். முந்தி வளர்ந்தது இருட்டில் காத்திருக்கும், பிந்தியது வந்து சேர்ந்துகொள்ளும். குறித்த காலையில் பிரித்து வெளிச்சம் காட்டினால் எல்லாம் ஒன்றாகப் பொரியும். ஒன்றாகப் பொரிந்தால்தான் ஒன்றாகத் தின்னும், ஒன்றாக வளரும்.

அஞ்சலைக்கு அடுத்தடுத்து இரண்டு ஈடு முட்டை கெட்டுப்போயிருந்தது. கால்வாசி பொரிந்தது, மீதி முட்டைக்குள்ளேயே காய்ந்தது. அவளிடம் புழு வாங்கியவர்கள் புழு தின்ன வளர்த்த முசுக்கொட்டைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நின்றார்கள். "ரூம்ல மீட்டரு எம்பதுலயே நின்னுகினு இருந்துச்சிக்கா. நான் ஒரு கொறையும் வெக்கல. பொட்டிக்குள்ள இன்னா நடக்குதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியல. இந்த வாட்டியும் போச்சின்னா, ஊர்ல எம்மூஞ்சில எவனும் முழிக்க மாட்டான்."

ராஜமாணிக்கம் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "திறக்கக் கூடாத பெட்டி. நம்ம டேக்குக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. போய்ட்டு வாங்க" என்றார்.

நான் தரணேந்திரனிடம் தயங்கித்தான் கேட்டேன். அவர் தட்டைச் சாய்ப்பதை நிறுத்தவில்லை. "முட்டை உயிரோட பொரியணும்னு கேக்கறாங்க. அதுக்கு வராம இருந்தா தப்பு மேடம்" என்றார். பிறகு, "பொரியற வரைக்கும் வரேன். அதுக்கு அப்புறம் அதெல்லாம் எங்க போகும்னு எனக்குத் தெரியும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றார்.

கூப்பிட மாட்டேன் என்றேன்.

கோடையில் ஒரு வேன் பிடித்து, அனலைசரை இலவம்பஞ்சு மெத்தையில் சுற்றி, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டு போனோம். கொட்டகையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தரையில் ஈர மணல், ஜன்னல்களில் நனைத்த சாக்கு. வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே காலை வைத்தால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. அஞ்சலை முட்டைகள் ஒட்டிய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். அவற்றுக்கு நடுவே தரணேந்திரன் டேக்கை நிறுத்தினார். அஞ்சலை பெட்டியைக் கறுப்புத் தாளில் சுற்றினாள். பளபளவென்று நல்ல தாள். இயந்திரத்தை முன்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தோம், அதன் திரை வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாது என்று. கேபிள் மட்டும் கதவுக்கு அடியில் போய்ப் பெட்டிக்கு எதிரே நின்ற ஆன்டெனாவில் முடிந்தது.

அன்று சாயங்காலம் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலையில் ஈரத்தின் பள்ளம் வலதுபக்கம் நகர்ந்திருந்தது. வெயில் ஏறியதும் இன்னும் நகர்ந்தது. கணக்குப் போட்டால் பெட்டிக்குள் வறட்சி. அறைக்குள் தொங்கிய மீட்டரோ எண்பதைக் காட்டியது.

"உங்க தகடு பொய் சொல்லுதுக்கா" என்றாள் அஞ்சலை. "சுத்தியும் தண்ணி. பொட்டி மட்டும் எப்பிடிக் காயும்?"

அவள் கேட்டது நியாயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எங்கள் ஈரப்படலத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சூட்டில் ஓரம் காய்ந்து செம்பைவிட்டு உரிந்து வந்துவிடும். உரிந்தாலும் பள்ளம் வலதுபக்கம்தான் போகும். டேக் கெட்டிருந்தால் பெட்டியைத் தொடக் கூடாது. டேக் சரியென்றால் உடனே பெட்டியைப் பிரித்தாக வேண்டும். பிரிக்கும்போது வெளிச்சம் பட்டால் அந்த ஈடே வீண். உள்ளே ஆயிரக்கணக்கான உயிர். கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு அஞ்சலை.

சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எதிர்முனையில் அவர் கண்ணாடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டையும் வரைஞ்சியா?"

"எந்த ரெண்டு சார்?"

"டேக் கெட்டிருந்தா இனிமே என்ன வரும். டேக் சரியா இருந்தா இனிமே என்ன வரும். ரெண்டும் ஒண்ணாவா இருக்கும்?"

காகிதம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை. கிருமிநாசினிக்காகத் தாழ்வாரத்தில் சுண்ணாம்புத்தூள் தூவியிருந்தது. அதிலேயே விரலால் வரைந்தேன். படலம் உரிந்திருந்தால் பள்ளம் வெறும் செம்பின் இடத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும், அதற்குமேல் அசையாது. பெட்டி காய்கிறது என்றால் அது நிற்காது. மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும். அதோடு, இதேபோல் சுற்றிய ஒரு காலிப் பெட்டியிலும் இதேதான் நடக்கும். காலிப் பெட்டியைத் திறக்க யாரைக் கேட்க வேண்டும்?

மிச்சமிருந்த, வேறு சுரமுள்ள டேக்கைக் காலிப் பெட்டியில் வைத்து, அதே தாளில் சுற்றி, பக்கத்திலேயே வைத்தோம். காத்திருந்தோம். அஞ்சலை எனக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். தரணேந்திரனுக்கும் கொடுத்தாள். "வெங்காயம் போடலண்ணா, மோருதான்" என்றாள். அவர் தான் கொண்டுவந்திருந்த டப்பாவை எடுக்காமல் அதை வாங்கிக் குடித்தார். வேப்பமரத்து நிழல் தாழ்வாரத்தில் ஏறி, என் சுண்ணாம்புக் கோடுகளின்மேல் ஊர்ந்தது. திரையில் பள்ளம் நான் வரைந்த இரண்டாவது கோட்டின் வழியாகவே, யாரோ கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல, மெல்ல மெல்ல வலதுபக்கம் போனது. காலிப் பெட்டியின் பள்ளமும் அதன் பின்னாலேயே போனது. சாட்சிச் சுருள் தன் இடத்தைவிட்டு அசையவில்லை.

காலிப் பெட்டியைப் பிரித்தோம். உள்ளே கையைவிட்ட அஞ்சலை வெடுக்கென்று வெளியே எடுத்தாள். "ஐயோ, பொரிகடலை வறுத்த சட்டி மாதிரி காஞ்சி கெடக்குதே."

தரணேந்திரன் கறுப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். தாளின்மேல் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருந்தது. "இது ஈரத்த உள்ள விடாதும்மா. உள்ள இருந்த கொஞ்ச ஈரத்தையும் அட்டை குடிச்சிடும். எங்க வாங்கினீங்க?"

"ஆரணியிலண்ணா. சேலப் பொட்டிக்குச் சுத்தற தாளு. மின்ன பட்டு ஆபீஸ்ல குடுத்தது தீந்துபோச்சி. இது பாக்க நல்லா இருக்குதேன்னு..." கெட்டுப்போன இரண்டு ஈடும் அந்தத் தாள் வந்த பிறகுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் வேறு ஆள். "அழுவறதுக்கு அப்புறமா நேரம் இருக்குது. ஈரம் போவற மாதிரி கறுப்பா இன்னாக்கா வேணும்? துணி ஆவுமா?"

"ஆகும். நல்ல அழுத்தமான கறுப்பா இருக்கணும்."

தெருவுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கை நிறையக் கறுப்பு வேட்டிகள். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் துவைத்து மடித்து வைத்திருந்தவை. "வீடு வீடாப் போயி வாங்கினேன். கார்த்திக மாசம் திருப்பித் தரேன்னு சொல்லியிருக்கேன்." அவற்றை நனைத்து, சொட்டு விழாதபடி முறுக்கிப் பிழிந்தாள்.

ஜன்னல்களின்மேல் இரட்டைச் சாக்கு போட்டு, கூரை ஓட்டை, கதவிடுக்கு எல்லாவற்றையும் அடைத்தோம். அஞ்சலையும் தரணேந்திரனும் உள்ளே போனார்கள். பெட்டியைப் பிரிப்பது அவள் வேலை. டேக் மடங்காமல், முட்டையில் உரசாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. வெளிச்சமே இல்லாமல் அதைச் செய்யக்கூடிய விரல் எங்களில் அவருக்குத்தான் இருந்தது. கதவைச் சாத்தினேன். கேபிள் நுழையும் இடத்தில் ஒரு வேட்டியைச் சுருட்டி வைத்தேன். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"அண்ணா, தாளப் பிரிக்கறேன். உங்க கை எங்க?"

"இங்க இருக்கும்மா. தகட்டைப் பிடிச்சுட்டேன். நீ மெதுவாப் பண்ணு."

"முட்டையில படலயே?"

"படல."

வெளியே பட்டப்பகல். தெருவில் ஐஸ்காரனின் மணி. உள்ளே அவர்கள் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். தாள் கிழியும் சத்தமும் ஈரத்துணி விரியும் சத்தமும் எனக்குக் கேட்டன. திரையில் கோடு நடுங்கியது. கை ஆன்டெனாவின் குறுக்கே வந்திருக்கும். பிறகு அமைதியானது.

"சுத்தியாச்சிக்கா. இன்னா சொல்லுது?"

"இன்னும் ஒண்ணும் இல்ல. அசையாதீங்க."

அந்த மாதிரி ஒரு காத்திருப்பை என் வேலைக்காலத்தில் அதற்குமுன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. நான் அதை உற்றுப் பார்க்கப் பார்க்க, அது திரையில் இருக்கும் கோடு என்பது மறந்து, ஏதோ தூங்கும் ஜீவனின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிட்டது. பிறகு அது அசைந்தது. இல்லை என்று நினைத்தேன். மறுபடி அசைந்தது.

"இடது பக்கம் வருது" என்றேன். "ஈரம் ஏறுது அஞ்சலை. வந்துகிட்டே இருக்கு."

உள்ளேயிருந்து ஒரு விசும்பல் கேட்டது. அதற்குப் பிறகு தரணேந்திரனின் குரல்: "சரிம்மா. சரிம்மா."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டேக் கடைக்கு வரவே இல்லை. படலம் உரியும் குணத்தை எங்களால் முழுதாக மாற்ற முடியவில்லை, திட்டமும் நீட்டிக்கப்படவில்லை. இன்னும் நல்ல படலங்களை வேறு ஊர்களில் வேறு ஆட்கள் கண்டுபிடித்தார்கள். நிவேதா இப்போது வரையும் டேக் என் நகத்தைவிடச் சின்னது. அஞ்சலையின் கொட்டகை நடக்கிறது, இப்போது அவள் மருமகளும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறாள். ராஜமாணிக்கம் சார் காலமாகிவிட்டார். தரணேந்திரன் ஓய்வுக்குப் பிறகு ஊரோடு இருக்கிறார், பார்த்து நாளாகிவிட்டது. நிவேதாவுக்கு எழுதித்தர இது போதும். ஆனால் வெளிச்சம் காட்டிய காலையைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசில்லை.

சூரியன் எழும் நேரத்தில் அஞ்சலை வேட்டியைப் பிரித்தாள். சாக்குகளை ஒவ்வொன்றாக விலக்கினோம். வெளிச்சம் முட்டை அட்டைகளின்மேல் படிந்தது. முட்டைகள் நீலம் பூத்திருந்தன. கொஞ்ச நேரத்தில் அட்டை முழுக்க அசைவு. எள்ளைவிடச் சிறிய கறுப்பு இழைகள், தலையைத் தூக்கித் தூக்கி, எதையோ தேடின. எங்கும் ஒரே நேரத்தில். பட்டு என்று நான் பிறந்தது முதல் கையில் பிடித்துவந்தது இதுதானா என்று நின்றேன். அஞ்சலை வாய்மேல் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் வந்துடுச்சிக்கா, எல்லாம் வந்துடுச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தரணேந்திரன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு டேக்கை எடுத்துப் பஞ்சில் வைத்து மூடினார். ஆன்டெனாவைக் கழற்றினார். இருவருமாக இயந்திரத்தை மெத்தையில் சுற்றி வேனில் ஏற்றினோம். அஞ்சலை கொழுந்து இலையைப் பொடியாக நறுக்க உட்கார்ந்தபோது அவர் சொன்னபடியே வெளியே வந்துவிட்டார். நானும் அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

வேன் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். தரணேந்திரன் டேக் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தவர், "நிறுத்துப்பா" என்றார். செம்புச் சுருளின் நடுவில் ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படி வந்ததோ, தலையைத் தூக்கிக் காற்றில் தேடிக்கொண்டிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் புழு எங்கே போனால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெளியே வேலியோரம் விட்டால் வெயில் ஏறுவதற்குள் செத்துவிடும். அங்கே திருப்பிக் கொண்டுபோனால் தின்னும், வளரும், கூடு கட்டும். கூடு கட்டிய பிறகு அதைப் புழுவோடு கொதிநீரில் போட்டு உருவும் நூல்தான் எங்கள் வீட்டுத் தறிக்கு வருகிறது.

அவர் டப்பாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இறங்கினார். வந்த வழியே நடந்தார். வெயிலில் அவர் வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போய் முசுக்கொட்டைத் தோட்டத்துக்குப் பின்னால் மறைந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். வெகுநேரம் ஆயிற்று. வைத்துவிட்டு வர இவ்வளவு நேரமா என்று டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காத்திருக்கச் சொன்னேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. சேத்துப்பட்டு தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இறங்கவேண்டிய முள்ளிப்பட்டுத் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது, இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு மேடம்" என்றார். "பாத்துட்டுத்தான் வந்தேன்."